மணல்மேட்டில் மாடு மேய்ந்தால் மண் வளமாகுமா, மெலியுமா?

கேள்வி இதுதான்: கடலோர மணல்மேடுகளைக் காப்பாற்ற நெதர்லாந்தில் மாடும் குதிரையும் மேயவிடுகிறார்களாம். மேய்ச்சல் நிலத்தில் சாணியும் மூத்திரமும் விழுந்தால் மண்ணுக்குச் சத்து ஏறத்தானே செய்யும்? சத்தைக் குறைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மாட்டை விடுவது எப்படிச் சரியாகும்?

நல்ல கேள்வி. அங்கே மேய்ச்சலை நடத்துகிறவர்களிலேயே பலர் இதைக் குழப்பிக்கொள்வார்கள். நான் ஹார்லெம் நகரத்துப் பக்கம் சில ஆண்டுகள் மண் ஆய்வு வேலையில் இருந்தவன். எனக்குப் புரிந்த வரையில் சுருக்கமான பதில்: மேய்கிற பிராணி மணல்மேட்டுக்குச் சத்தைக் கொண்டுவருவதும் இல்லை, சொல்லும்படியாக வெளியே கொண்டுபோவதும் இல்லை. இருப்பதை இடம் மாற்றிவைக்கிறது, சுழற்சியை முடுக்கிவிடுகிறது, அவ்வளவுதான். மணல்மேட்டுக்குக் கிடைக்கும் பலன் சத்துக் கணக்கிலிருந்து வருவதில்லை. புல் குட்டையாகி வெளிச்சம் தரையில் படுவதாலும், குளம்பு பட்டு மணல் கிளறப்படுவதாலும் வருவது. இனி விரிவாக.

முதலில், சத்தைக் குறைக்க வேண்டும் என்று ஏன் நினைக்கிறார்கள்? நமக்கு மண் வளம் என்றாலே நல்லது. ஆனால் கடலை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கும் பழைய மணல்மேடுகளுக்கு வளம் ஒத்துக்கொள்ளாது. அங்கே சாம்பல் மேடு என்கிறார்கள். லைக்கன் என்னும் பூஞ்சைக் கூட்டுயிரும் பாசியும் படர்ந்து தூரத்திலிருந்து பார்க்கும்போது சாம்பல் பூத்த மாதிரி தெரியும், அதனால் அந்தப் பெயர். மட்கு கலந்த மேல்மண் நாலு விரற்கடைகூட இருக்காது, அதற்குக் கீழே வெறும் மணல். இந்த வறண்ட, பசித்த மண்ணில் எந்தச் செடியும் ஓங்கி வளர முடியாது. அதனாலேயே சின்னச் சின்னச் செடிகள் நூறு வகை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், கொஞ்சம் கூடினால் போதும், நாலைந்து புல்வகை மட்டும் எழும்பி மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும்.

அது எப்படி இருக்கும் என்று ஒரு வேலியோரம் காட்டுகிறேன். தெற்கு கென்னமர்லாந்து தேசியப் பூங்காவில், மேய்ச்சல் இல்லாமல் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கம்பி கட்டி விட்ட சின்னச் சின்னச் சதுரங்கள் உண்டு. வேலிக்கு உள்ளே டவுன்ரீட் என்னும் நாணல் போன்ற புல், இடுப்புயரம். அதை விலக்கிப் பார்த்தால் தரை தெரியாது. போன வருஷத்துத் தாள், அதற்கு முந்தின வருஷத்துத் தாள், அதற்கும் கீழே கறுத்து ஈரமாகிப் போனது, எல்லாம் மெத்தை மாதிரி படிந்திருக்கும். மழைக்காலத்தில் பழைய கூரையைப் பிரிக்கும்போது வருமே, அந்த வாசனை. வேலிக்கு வெளியே இரண்டு அடி தள்ளிக் குனிந்தால் கட்டைவிரல் உயரத்தில் காட்டு வயலட், தைம், நத்தை ஓடு, லைக்கன், இடையிடையே வெறும் மணல். மண் ஒன்றுதான், வானம் ஒன்றுதான். நடுவில் ஒரு கம்பி.

பழைய நாளில் இந்த வேலையைச் செய்தது மாடு இல்லை, முயல். இடைக்காலத்தில் இறைச்சிக்கும் தோலுக்கும் என்று கொண்டுவந்து விடப்பட்ட குழிமுயல் மணல்மேடுகளில் பெருகி, அறுநூறு எழுநூறு ஆண்டுகள் புல்லைக் கத்தரித்துக்கொண்டே இருந்தது. 1952-இல் பிரான்சில் ஒரு மருத்துவர் தன் தோட்டத்து முயல்களை ஒழிப்பதற்கு மிக்சோமடோசிஸ் கிருமியை விட்டார். அது அவர் தோட்டத்து மதிலோடு நிற்கவில்லை. இரண்டொரு ஆண்டில் நெதர்லாந்து, பிரிட்டன் என்று பரவி முயல் கூட்டத்தையே துடைத்துவிட்டது. மிச்சம் தேறி வந்தவற்றை 1990 வாக்கில் ரத்தக்கசிவு நோய் அடித்தது. புல்லும் புதரும் ஏற ஆரம்பித்த கதை அங்கே தொடங்குகிறது. ஆனால் முயல் போனது பாதிக் காரணம்தான்.

மீதிக் காரணம் வானத்திலிருந்து விழுவது. நெதர்லாந்தின் மாட்டுக் கொட்டகை, பன்றிப் பண்ணை, கோழிப் பண்ணைகளிலிருந்து கிளம்பும் அம்மோனியா, வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து மழையிலும் காற்றிலும் தழைச்சத்தாக இறங்குகிறது. பிரேசில் பக்கத்துச் சோயாவைத் தின்ற பன்றியின் மூத்திரம் வட கடல் ஓரத்து வயலட் செடிக்கு எமனாக வருகிறது என்றால் பாருங்கள். சாம்பல் மேடு ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சுமார் 5 முதல் 15 கிலோ நைட்ரஜன் வரைதான் தாங்கும் என்று கொள்வார்கள். அதற்கு மேல் பல இடங்களில் பல பத்தாண்டுகளாக விழுந்திருக்கிறது. 2019-இல் அந்நாட்டு உயர்நிலை நிர்வாக மன்றம் அரசின் நைட்ரஜன் அனுமதித் திட்டமே செல்லாது என்று தீர்ப்புச் சொன்னதும், விவசாயிகள் டிராக்டரோடு சாலைக்கு வந்ததும் இந்தப் பின்னணியில்தான்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். மணல்மேட்டில் விட்ட மாடு இந்த நைட்ரஜனைத் தின்று தீர்த்துவிடுமா? ஒரு சிட்டைக் கணக்குப் போடலாம். 15 ஹெக்டேருக்கு ஒரு மாடு என்று வைத்துக்கொள்வோம், இந்த மாதிரி மெலிந்த நிலத்துக்கு அது ஏறக்குறைய சரியான அளவு. அது ஓர் ஆண்டில் 100 கிலோ எடை கூடி, அந்த எடை இறைச்சியாக வெளியே போகிறது என்று தாராளமாகவே கொள்வோம். மாட்டு உடம்பில் நைட்ரஜன் நூற்றுக்கு இரண்டரை பங்கு. ஆக 15 ஹெக்டேரிலிருந்து வெளியே போனது இரண்டரை கிலோ. ஹெக்டேருக்கு 170 கிராம். வானத்திலிருந்து 15 கிலோ விழும் இடத்தில் இது நூற்றில் ஒரு பங்கு. மேய்ச்சலால் நிலம் மெலிகிறது என்று அறிக்கை எழுதுகிறவர்களிடம் நான் முதலில் போட்டுக் காட்டுவது இந்தக் கணக்கைத்தான். அதே நிலத்தை அரிவாள் பொறியால் அறுத்து, ஹெக்டேருக்கு இரண்டு டன் புல்லை வண்டி ஏற்றி வெளியே கொண்டுபோனால் 20 கிலோவுக்கு மேல் நைட்ரஜன் போய்விடும். அறுவடை வேறு, மேய்ச்சல் வேறு.

ஏன் இவ்வளவு குறைவு? தின்றதில் பெரும்பகுதி பின்வழியாகத் திரும்பிவிடுவதால்தான். அசைபோடும் பிராணி தின்ற நைட்ரஜனில் நூற்றுக்கு 75 முதல் 90 வரை சாணியிலும் மூத்திரத்திலும் வெளியேறும். இது நம் விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை. கிடை போடுவது இந்தக் கணக்கை நம்பித்தான். பகலெல்லாம் தரிசிலும் கண்மாய்க்கரையிலும் ஆட்டை மேய்த்து, இராத்திரி யாரோ ஒருவர் வயலில் அடைத்தால் விடிவதற்குள் வயலுக்கு உரம். தரிசு மெலிந்தது, வயல் கொழுத்தது. ஐரோப்பாவிலும் இதுவேதான் நடந்தது. நெதர்லாந்தின் டிரென்ட பகுதியில் பகலில் ஹீத் புதர்க்காட்டில் செம்மறியை மேய்த்து, இராத்திரி தொழுவத்தில் அடைத்து, எருவை வயலுக்கு வாரினார்கள். பல நூற்றாண்டு அப்படிச் செய்ததில் புதர்க்காட்டு மண் ஒட்ட உறிஞ்சப்பட்டது. ‘மேய்ச்சல் நிலத்தை மெலிய வைக்கும்’ என்னும் பேச்சு அந்தக் காலத்து நினைவிலிருந்து வருவது. இன்று மாடு இராப்பகலாக வேலிக்குள்ளேயே கிடக்கிறது. அங்கே தின்று, அங்கேயே போட்டு, அங்கேயே படுக்கிறது. எனவே யாராவது மேய்ச்சலைப் பற்றி என்னிடம் கேட்டால் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி: மாடு ராத்திரி எங்கே படுக்கிறது?

போட்டது எங்கே விழுகிறது, விழுந்தபின் என்ன ஆகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஒரு மாடு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை சாணி போடும். எல்லாவற்றையும் பரப்பினால் நாளைக்கு முக்கால் சதுர மீட்டர் கூட வராது. ஆண்டு முழுக்கக் கூட்டினாலும் அந்த 15 ஹெக்டேரில் 500-இல் ஒரு பங்குத் தரைதான் மூடும். மூத்திரம் நனைக்கும் இடம் அதைவிட நாலைந்து மடங்கு. இரண்டையும் சேர்த்தாலும் நூற்றுக்கு ஒரு பங்கு நிலம்தான், ஆனால் அந்த ஒரு பங்கில் சத்து கொட்டிக் கிடக்கும். மூத்திரத்தில் இருப்பது பெரும்பாலும் தழைச்சத்தும் சாம்பல்சத்தும். தழைச்சத்து இருப்பது, நாம் மூட்டை மூட்டையாக வாங்குகிறோமே, அதே யூரியாவாக. சில நாளில் அது உடைந்து அம்மோனியா ஆகும். சுண்ணாம்பு மணலில் ஒரு பகுதி ஆவியாகிக் காற்றோடு போகும். மீதி நைட்ரேட்டாகி, அடுத்த மழைக்கு வேருக்குக் கீழே இறங்கும். மணல் எதையும் பிடித்து வைக்காது. அதனால் மூத்திரம் விழுந்த இடம் ஒரு பருவம் கரும்பச்சையாக நிற்கும், அப்புறம் மறந்துபோகும். சாணி வேறு ரகம். மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஏறக்குறைய முழுவதும் சாணி வழியாகத்தான் வெளிவரும், அது நகராது. ‘ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம்’ என்று நம்மூரில் சொல்வது அந்த மணல்மேட்டிலும் பொருந்துவதைப் பார்த்திருக்கிறேன். கோடை வெயிலில் சாணி வறட்டி மாதிரி காய்ந்துவிடும். விளிம்பைத் தூக்கினால் அடியில் சாணிவண்டு குடைந்த ஓட்டை, ஓட்டை வாயில் ஈர மணல். சுற்றிலும் ஒரு முழ அகலத்துக்குப் புல் செழிப்பாக நிற்கும், ஆனால் மாடு அதைத் தொடாது. மறுவருஷம்தான் வாய் வைக்கும்.

சாணி சீராக விழுவதும் இல்லை. தண்ணீர்த் தொட்டி, வேலிக் கதவு, காற்று அடிக்காத பள்ளம், மர நிழல், இங்கெல்லாம் குவியும். புல்வெளியில் தின்றதைப் புதர் ஓரத்தில் கொண்டுபோய்ப் போடும். குதிரை இதில் இன்னும் ஒரு படி மேல். ஒரு இடத்தை ஒட்ட மேயும், வேறொரு இடத்தில் லத்தி போடும், அந்த இடத்தில் பிறகு மேயாது. நாலைந்து ஆண்டில் நிலம் திட்டுத் திட்டாகப் பிரிந்துவிடும்: ஒரு திட்டு பாய் விரித்த மாதிரி, பக்கத்துத் திட்டு முழங்கால் உயரம். முயலும் புழுக்கையை ஓரிடத்தில்தான் சேர்க்கும். (அதற்கு முன் மென்மையான முதல் புழுக்கையைத் தானே தின்றுவிடும். சத்தை வீணாக்காத விஷயத்தில் முயலை மிஞ்ச ஆள் கிடையாது.) ஆக மொத்தச் சத்து மாறாவிட்டாலும் சத்தின் வரைபடம் மாறுகிறது. பெரும்பரப்பில் கொஞ்சம் குறைந்து, சில திட்டுகளில் ஏகமாய்க் கூடும். பூஞ்செடிகளுக்கு இந்த ஏற்றத்தாழ்வு பாதகம் இல்லை, அவை நிற்பது அந்தப் பெரும்பரப்பில்.

அடுத்து சுண்ணாம்பு. நெதர்லாந்துக் கடற்கரையில் பெர்கன் என்ற ஊருக்குத் தெற்கே உள்ள மணலில் கிளிஞ்சல் துணுக்கு நிறைய. வடக்கே மிகக் குறைவு. இதை ஒட்டியே எல்லாம் மாறுகிறது. சுண்ணாம்பு உள்ள மணலில் மணிச்சத்து கால்சியத்தோடு கெட்டியாகப் பிணைந்து கிடக்கும், செடிக்குக் கிடைக்காது. மழை மேல்மண்ணின் சுண்ணாம்பைக் கரைத்து இறக்க இறக்க அந்தப் பிணைப்பு தளர்ந்து மணிச்சத்து வெளியே வரும். வானத்துத் தழைச்சத்தோடு இதுவும் சேர்ந்துவிட்டால் உயரப் புல்லுக்குக் கல்யாணச் சாப்பாடு. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் அன்னமீக் கோய்மன் உள்ளிட்டோர் பல ஆண்டு அளந்து காட்டியது: செடிக்குக் கிடைக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் சுண்ணாம்பு நிறைந்த மேடுகளைவிடச் சுண்ணாம்பு குறைந்த மேடுகளில் அதிகம். கேட்டதும் தலைகீழாகத் தோன்றும். காரணத்தில் ஒரு பகுதி, சுண்ணாம்பு மண்ணில் நுண்ணுயிரிகளே நைட்ரஜனை விழுங்கி வைத்துக்கொள்கின்றன, செடிக்கு மிச்சம் குறைவு.

மேய்ச்சலுக்கும் சுண்ணாம்புக்கும் என்ன தொடர்பு? நாங்கள் களத்துக்குப் போகும்போது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டுப்புட்டியில் இருக்கும். பழைய மேட்டின் மேல்மண்ணில் இரண்டு சொட்டு விட்டால் ஒன்றும் நடக்காது, ஊறிப்போகும். அதற்கு ஒரு கைநீளம் தள்ளி, முயல் தோண்டி வெளியே தள்ளியிருக்கும் வெளிர் மணலில் விட்டால் சுர்ர்ரென்று நுரைக்கும். இரண்டு அடி ஆழத்துச் சுண்ணாம்பை முயல் இலவசமாக மேலே கொண்டுவந்து போட்டிருக்கிறது. மாட்டுக் குளம்பு பட்டுப் பாசி உடைந்த சரிவில் காற்று பிடித்து ஒரு மணல்குழி திறந்தால், அதிலிருந்து பறக்கும் புது மணல் சுற்றுவட்டாரத்தில் மெல்லிய போர்வையாகப் படியும், மணிச்சத்துக்கு மறுபடி பூட்டு விழும். சத்துக் கணக்குப் பார்க்கிறவர்கள் சாணியை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுவார்கள். மணலில் புரளுவதில் கெட்டிக்காரர் பைசன் என்னும் ஐரோப்பியக் காட்டெருதுதான். கென்னமர்லாந்தின் கிரான்ஸ்ஃப்ளாக் பகுதியில் 2007-இல் போலந்திலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அது புரளும் இடங்களில் புல்லே முளைக்காது. ஆனாலும் பிராணிகள் தனியாக இதைச் செய்துமுடிக்கும் என்று அங்கே யாரும் நம்பவில்லை. அதே பூங்காவில் 2013 வாக்கில் கடலோர முதல் மேட்டையே ஐந்து இடத்தில் பொறிவைத்து வெட்டித் திறந்து, காற்று மணலை உள்ளே வாரிவர வழி விட்டார்கள். கடலுக்கு அணைகட்டி வாழும் நாட்டில் இதற்கு ஒப்புதல் வாங்கியதே பெரிய காரியம்.

செடிக்குள் என்ன மாறுகிறது என்றும் சொல்ல வேண்டும். கடித்த புல் மறுபடி தளிர்க்கும். தளிரில் நார் குறைவு, நைட்ரஜன் விகிதம் கூடுதல். அதனால் இலையைப் பறித்துச் சோதித்தால் மேய்ந்த நிலத்தில் சத்து கூடியதாகத் தெரியும். ஆனால் ஒரு சதுர மீட்டரில் நிற்கும் மொத்தப் புல்லை அறுத்து எடை போட்டுப் பார்த்தால், நிற்கும் சத்து குறைந்திருக்கும். இரண்டு அளவும் சரி, இரண்டும் வேறு கேள்விக்கான பதில். மண்ணிலும் இப்படியே: தாள் மெத்தை சேராததால் மட்கு குறையும், ஆனால் இருக்கும் மட்கு சாணி வழியாக வேகமாகச் சிதைவதால் ஒரு கிராம் மட்கிலிருந்து வெளிவரும் நைட்ரஜன் கூடலாம். ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதாகத் தோன்றினால் முதலில் அலகைப் பாருங்கள். எந்தச் சத்துப் பற்றாக்குறை என்று அறிய இலையில் நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பதும் உண்டு. 14-க்குக் கீழே என்றால் தழைச்சத்துப் பஞ்சம், 16-க்கு மேலே என்றால் மணிச்சத்துப் பஞ்சம். 1996-இல் ஈரநிலச் செடிகளை வைத்து வந்த கணக்கு இது. மணல்மேட்டுக்கு உத்தேசமாக எடுத்துக்கொள்ளலாம், வேதவாக்காக அல்ல.

எத்தனை பிராணி என்பதில் கோட்டை விட்டால் எல்லாம் தலைகீழ். ஆம்ஸ்டர்டாமுக்கு 1853 முதல் குடிநீர் தந்துவரும் மணல்மேடுகளில் டாம்ஹெர்ட் என்னும் மான் 3000-ஐத் தாண்டிப் பெருகிப் பூவையெல்லாம் மொட்டிலேயே தின்றது, 2016 முதல் சுட்டுக் குறைக்க வேண்டியதாயிற்று. இன்னொரு தவறு, குளிர்காலத்தில் இரக்கப்பட்டு வெளியிலிருந்து வைக்கோல் கொண்டுபோய்ப் போடுவது. சத்துக் கணக்கில் அது நேரடி உர மூட்டை. குடற்புழுவுக்கு ஐவர்மெக்டின் போட்ட மாட்டின் சாணியில் வண்டின் புழுக்கள் பிழைக்காது, சாணி அப்படியே காய்ந்து கிடக்கும். மாடும் முயலும் சேர்ந்திருந்தால் நல்லது. உயர்ந்து நின்ற புல்லுக்கு மாடு அரிவாள், அது வெட்டிக் குறைத்த பிறகு முயல் சவரக்கத்தி. முயலால் அரிவாள் வேலை ஆகாது, அதனால்தான் முயல் மெல்லத் திரும்பியபோதும் டவுன்ரீட் காடு தானாகப் பின்வாங்கவில்லை.

இதை அப்படியே நம்மூர்க் கடற்கரைக்குப் பெயர்க்க வேண்டாம். இங்கே அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் நிற்கிற மேட்டுக்கு வானத்து நைட்ரஜன் முதல் கவலை இல்லை. ஆடு மாலையானால் பட்டிக்குத் திரும்பிவிடும், கிடைக் கணக்கு இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் ஒரு ஒற்றுமை உண்டு. அவர்கள் கடற்கரையில் சீ பக்தார்ன் என்ற முட்செடி வேர்முண்டில் பிராங்கியா என்னும் நுண்ணுயிரியை வைத்துக் காற்று நைட்ரஜனை மண்ணில் ஏற்றுகிறது. சுனாமிக்குப் பிறகு நாம் மணல்மேடு மணல்மேடாக நட்ட சவுக்கும் அதே பிராங்கியாவை வைத்து அதே வேலையைச் செய்கிறது. சவுக்கடியில் உதிர்ந்த சருகு மெத்தையை ஆடு சீந்தாது. அடுப்புக்கென்று கூடையோடு வந்து அதைப் பெருக்கி வாரிக்கொண்டு போகிறார்களே பெண்கள், சத்துக் கணக்கில் அவர்கள் செய்வது மேய்ச்சல் இல்லை, அறுவடை.